ஐம்பத்து மூன்றாம் ஃபாரம்

அச்சகத்தில் அவளுக்கு ராட்டினம் என்று பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. முதலாளி எப்போதாவது அதைச் சத்தமாக வாசித்தால், யாரையோ கூப்பிடுகிறார் என்று அவளே திரும்பிப் பார்ப்பாள். மற்ற நாளெல்லாம் ராட்டினம்தான். வயதில் சின்னவர்களுக்கு ராட்டினம் அக்கா.

பெயர் சும்மா வரவில்லை. ஒரு பெரிய தாளில் முன்னும் பின்னுமாகப் பதினாறு பக்கம் அச்சடித்து, அதை மூன்று மடிப்பு மடித்தால் ஒரு சின்னக் கட்டு வரும். அதற்கு ஃபாரம் என்று பெயர். ஒரு புத்தகத்துக்குப் பத்தோ பதினைந்தோ ஃபாரம் இருக்கும். நீள மேஜையைச் சுற்றிலும் அவற்றை வரிசையாகக் குவித்து வைத்திருப்பார்கள். குவியலுக்கு ஒன்றாக எடுத்து இடது கையில் சேர்த்துக்கொண்டே மேஜையை ஒரு சுற்று வந்தால் ஒரு புத்தகத்தின் வயிறு தயார். தையலும் அட்டையும் பிறகு. இந்தச் சுற்றை இருபத்திரண்டு வருஷம் சுற்றியவள் அவள். "அக்கா நேரா நடந்திருந்தா இந்நேரம் கடலையே தாண்டியிருப்பாங்க" என்பார்கள். "தாண்டி என்ன பண்ண? அங்கேயும் ஒரு மேஜை கிடக்கும்" என்பாள் அவள், கை நிற்காமல்.

சுற்றிச் சுற்றி முட்டி இரண்டும் தேய்ந்துபோயின. கடவுள் கண் திறந்த மாதிரி இரண்டு மாதத்துக்கு முன்பு செக்கிங் நாற்காலி காலியானது. அதில் இருந்த அம்மாள் மகனோடு வேறு ஊருக்குப் போய்விட்டார். முதலாளி ராட்டினத்தைக் கூப்பிட்டு, "நீங்க இனிமே உட்காருங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அன்றைக்கு அவள் வீட்டுக்குப் போய் விளக்கைப் போட்டவுடன் செய்த முதல் காரியம், கண்ணை மூடி நன்றி சொன்னது. இரண்டாவது காரியம், அட்டை ஒட்டும் துணியில் மிஞ்சிய துண்டுகளை வைத்து நாற்காலிக்கு ஒரு மெத்தை தைத்தது.

செக்கிங் வேலை கண்ணுக்குத்தான். ஒவ்வொரு ஃபாரத்தின் முதுகு மடிப்பிலும் ஒரு சின்னக் கறுப்புக் கோடு அச்சாகியிருக்கும். முதல் ஃபாரத்தில் உச்சியில், இரண்டாவதில் கொஞ்சம் கீழே, மூன்றாவதில் இன்னும் கீழே. வரிசையாக அடுக்கினால் முதுகில் படிக்கட்டு மாதிரி இறங்கும். ஒரு படி விட்டுப்போனால் ஓட்டை விழுந்த பல் மாதிரி தெரிந்துவிடும். ராட்டினத்துக்கு அந்தப் படிக்கட்டு அத்துப்படி. கிடங்கிலிருந்து ஃபாரக் கட்டுகளை எடுத்து வந்து மேஜையை நிரப்புவதும் செக்கிங்காரி பொறுப்பு. கட்டுகளின் மேல் நம்பர் எழுதிய சீட்டு இருக்கும். அவள் சீட்டைப் பார்க்க மாட்டாள். கோட்டைப் பார்ப்பாள், எடுப்பாள். "சீட்டு கிழியும், கோடு கிழியுமா?" என்று அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

இப்படியிருக்கும்போதுதான் அகராதி வந்தது. ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் அர்த்தம் சொல்லும் தடிப் புத்தகம். அறுபது ஃபாரம். மூன்று மேஜையைச் சேர்த்துப் போட வேண்டியிருந்தது. ஆயிரத்து ஐந்நூறு பிரதி. அச்சகத்தில் அதுவரை இருபது ஃபாரத்தைத் தாண்டிய புத்தகம் வந்ததே இல்லை.

மெஷின் ஓட்டுகிற அண்ணன் பேச்சைச் சில்லறையாகக்கூடச் செலவழிக்காத மனிதர். மெஷினில் முதலில் வரும் நாலைந்து தாளில் மை சரியாகப் பிடிக்காது. அதைக் கழித்துவிடுவார்கள். அப்படிக் கழிந்த தாள் ஒன்றைச் சாப்பாட்டு டப்பா சுற்றிக்கொள்ள அவளிடம் கொடுத்தார். மத்தியானம் டப்பாவைத் திறந்தவள் தாளைப் பார்த்தாள். ஒரே ஒரு சொல், பக்கத்தில் ஆரம்பித்து அடுத்த பக்கம் போய், அதற்கும் அடுத்த பக்கம் போய், இன்னும் முடியாமல் நம்பர் போட்டுக்கொண்டே போனது. அவள் படிப்பு ஐந்தாம் வகுப்பு. ஆங்கில எழுத்துக்களைக் கூட்டித்தான் படிப்பாள். கூட்டிப் பார்த்தாள். டேக்.

"ஏய், இங்க பாரு" என்று பக்கத்தில் இருந்த நாத்தனாரைத் தட்டினாள். அவள் வீட்டுக்காரரின் தங்கை. அதே அச்சகத்தில் பெட்டி கட்டுகிறவள். "ஒரு வார்த்தைக்கு நாப்பத்தி ரெண்டு அர்த்தம் போட்டிருக்கான்."

"நாம மட்டும் என்ன குறைச்சலா அண்ணி? எங்க அண்ணன் 'ம்'னு சொன்னா அதுக்கு அம்பது அர்த்தம்."

அன்றிலிருந்து அது ஒரு வழக்கமானது. ஒரு நாளைக்கு ஒரு நம்பர். சாப்பிட்டுக் கை கழுவியதும் தாளை விரித்து ஒன்றைப் படிப்பாள். மீதி நாள் முழுக்க அதை மென்றுகொண்டிருப்பாள். எடுத்துக்கொள் என்பதுதான் முதல் அர்த்தம். ஆனால் போகப்போக அது எங்கெங்கோ போனது. மருந்து சாப்பிடுவதற்கும் அவர்களுக்கு டேக்தான், குளிப்பதற்கும் டேக்தான், நாற்காலியில் உட்காருவதற்கும் டேக்தான். "நமக்குப் பசி எடுக்கும், வாந்தி எடுக்கும், தலைவலி மண்டையைப் பிடுங்கி எடுக்கும். அவங்களுக்கு இதெல்லாம் எடுக்காதாம். குளியலை எடுக்கிறாங்களாம். எங்கேருந்து எடுக்கிறாங்களோ!" என்று சொல்லி மேஜையே சிரித்தது.

ஒரு நாள் வந்த அர்த்தம், சாயலில் ஒத்திருப்பது. அன்று சாயங்காலம் தண்ணீர் லாரி ஓட்டிவிட்டு வந்த வீட்டுக்காரரிடம், "நீங்க அப்படியே உங்க அம்மாவை டேக் ஆஃப்டர்" என்றாள்.

"நல்லதா கெட்டதா?"

"சாப்பாட்டுல உப்புக் கம்மின்னு முகத்தைத் தூக்கி வச்சுக்கிறதுல."

இன்னொரு நாள் தொளதொள உடுப்பைப் பிடித்துத் தைப்பதற்கு அது வந்தது. இன்னொரு நாள் வீடில்லாதவரை வீட்டில் சேர்த்துக்கொள்வதற்கு. அதைப் படித்த அன்று அவள் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. கல்யாணமான புதிதில் இந்த நாத்தனார் பத்து வயதுப் பெண்ணாய், அம்மா செத்துப்போய், ஒரு பையோடு வந்து வாசலில் நின்றது நினைவுக்கு வந்தது. இருபத்தி ஒன்பதாவது, சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்வது. "கடையில சாமான் வாங்குற மாதிரி" என்று சிரித்துத் தாளை மடித்து வைத்தாள். அதைப் படித்த வாரத்தில்தான் ஒரு சின்னச் சண்டை நடந்தது.

அடுக்கும் வேலை முடியப் போகும் சமயம், முப்பத்து மூன்றாம் ஃபாரம் தீர்ந்துபோயிற்று. மற்றதெல்லாம் இருக்கிறது, அது மட்டும் நூறு குறைகிறது. முதலாளி மேஜைக்கு வந்து, "எப்படிக் குறையும்?" என்று கேட்டார். ஆறு பேர் சுற்றி நின்றார்கள். ராட்டினம் நாற்காலியிலிருந்தபடியே சாதாரணமாகச் சொன்னாள்: "மெஷின் அண்ணன் எண்ணிக்கையில கோட்டை விட்டிருப்பார் சார்."

"எண்ணித்தான் போட்டேன்" என்றார் அண்ணன். தன்னுடைய ஓய்வு நாளில் வந்து, ஒற்றை ஆளாக மெஷினை ஓட்டி, அந்த நூறைத் திரும்ப அச்சடித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

புத்தகமெல்லாம் தைத்து, அட்டை போட்டு, பெட்டியில் அடங்கியாயிற்று. எழுபத்தைந்து பெட்டி. மறுநாள் காலை பத்து மணிக்கு வண்டி. அன்று மத்தியானம் ராட்டினம் வழக்கம்போலத் தாளை விரித்தாள். டப்பா சுற்றிச் சுற்றி அது எண்ணெய்க் கறையும் கசங்கலுமாக ஆகியிருந்தது.

"ஏன் அண்ணி இந்தக் கந்தலையே கட்டிக்கிட்டு அழறீங்க? நிஜப் புஸ்தகத்துல பளிச்சுனு இருக்கும்ல" என்று நாத்தனார் ஒட்டாத பெட்டி ஒன்றிலிருந்து ஒரு பிரதியை உருவிக் கொடுத்தாள்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தைப் பிரித்தாள். எண்ணூற்று முப்பத்திரண்டாம் பக்கம் வரைக்கும் வந்தாள். அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். மாம்பழம் இருந்தது. மாம்பழத்தைத் தொடர்ந்து மனிதகுலம். பக்க எண் ஐந்நூற்றுப் பதின்மூன்று.

"டேக் எங்க அண்ணி?"

"காணோம்" என்றாள் ராட்டினம்.

புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். படிக்கட்டு கண்ணுக்குள் வந்தது. அவள் பார்த்த படிக்கட்டில் ஓட்டை இல்லை, ஒரு பல்கூட ஆடவில்லை. அதுவரை வந்த புத்தகங்களுக்கெல்லாம் ஒரே படிக்கட்டு. முதுகில் இருபது கோட்டுக்குத்தான் இடம். அகராதிக்கு அறுபது வேண்டும். அதனால் இருபது முடிந்ததும் திரும்ப உச்சியிலிருந்து ஆரம்பிக்கும். அது முடிந்ததும் இன்னொரு முறை. மூன்று படிக்கட்டு. இரண்டாவது படிக்கட்டின் பதின்மூன்றாம் படி முப்பத்து மூன்று. மூன்றாவதின் பதின்மூன்றாம் படி ஐம்பத்து மூன்று. இரண்டுக்கும் கோடு ஒரே உயரம். அதை இதன் இடத்தில் வைத்தாலும் படிக்கட்டு சிரித்துக்கொண்டேதான் இறங்கும்.

எப்போது நடந்தது என்றுகூட அவளுக்குத் தெரிந்தது. கிடங்கு அலமாரியில் நடுத்தட்டில் முப்பத்து மூன்று, அதற்கு நேர் கீழே அடித்தட்டில் ஐம்பத்து மூன்று. மழை பெய்த ஒரு நாள், முட்டி குனிய விடவில்லை. பாதி குனிந்து கைக்குக் கிடைத்த கட்டை இழுத்தாள். கோட்டைப் பார்த்தாள், சரியான உயரம். தூக்கிக்கொண்டு வந்து ஐம்பத்து மூன்றின் குவியலில் வைத்தாள். ஒரு கட்டுக்கு நூறு.

நூறு என்று மனசுக்குள் சொன்னதும் முப்பத்து மூன்றில் குறைந்த நூறு ஞாபகம் வந்தது. எழுந்து கிடங்குக்குப் போனாள். சுவரைப் பிடித்து உட்கார்ந்து அடித்தட்டுக்குள் கையை விட்டாள். மிச்சம் மீதி எப்போதும் கிடக்கிற இடம் என்பதால் யாரும் அங்கே பார்த்திருக்கவில்லை. மிச்சத்துக்குப் பின்னால், நூல் அவிழ்க்காத முழுக் கட்டு ஒன்று இருந்தது. மேலே அண்ணனின் குச்சிக் கையெழுத்தில் சீட்டு: 53, நூறு.

எண்ணித்தான் போட்டிருந்தார்.

பின்னாலேயே வந்த நாத்தனார் கட்டைப் பார்த்தாள், அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"அண்ணி, நான் சொல்றதைக் கேளுங்க. வாயைத் திறக்காதீங்க. எத்தனை பேர் டேக்கைத் தேடிக்கிட்டு வரப் போறாங்க? அது எல்லாருக்கும் தெரிஞ்ச வார்த்தை. வண்டி போயிடட்டும்."

"தெரிஞ்ச வார்த்தைதான். எனக்கு நாப்பத்தி ரெண்டுல ஒண்ணுதான் தெரிஞ்சிருந்துது."

"நாற்காலி போயிடும் அண்ணி. இந்த முட்டியை வச்சுக்கிட்டு மறுபடியும் சுத்துவீங்களா? ராத்திரி படியேற முடியாம நீங்க படுற பாடு எனக்குத் தெரியாதா?"

நாற்காலி ராட்டினத்தின் கண்ணுக்கு முன்னால் வந்தது, மெத்தையோடு. அது போனால் என்ன ஆகும் என்று அவள் முட்டிக்குத் தெரியும். தரையில் உட்கார்ந்தபடியே கண்ணை மூடினாள். உதடு மட்டும் அசைந்தது. அவள் என்ன வேண்டினாள் என்பது அவளுக்கும் மேலே இருந்து கேட்டவனுக்கும்தான் தெரியும். பிறகு, "கையைக் குடு, எழுந்திரிக்கணும்" என்றாள்.

கட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு முதலாளி அறை வாசலில் நின்றாள். "சார், கொஞ்சம் மேஜைகிட்ட வரீங்களா?"

"என்னன்னு இங்கேயே சொல்லுங்களேன்."

"மேஜைகிட்ட நின்னு பேசுன பேச்சு சார். அங்கேயே பேசணும்."

மேஜைக்கு வந்தார்கள். மெஷினை நிறுத்தச் சொன்னாள். சத்தம் அடங்கியதும் அதே ஆறு பேரும் திரும்பினார்கள். அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். ராட்டினம் கட்டை மேஜையில் வைத்தாள்.

"முப்பத்து மூணாம் ஃபாரம் நூறு குறைஞ்சதுக்கு அண்ணன் காரணமில்லை. நான் கட்டை மாத்தி எடுத்துட்டேன். அம்பத்து மூணு இருக்க வேண்டிய இடத்துல முப்பத்து மூணைப் போட்டேன். நானே செக் பண்ணி நானே அனுப்பினேன். அண்ணன் எண்ணித்தான் போட்டிருக்கார், இதோ அவர் கையெழுத்து. அன்னைக்கு உங்க எல்லார் முன்னாடியும் நான் அவரைச் சொன்னது தப்பு. அதைத் திரும்ப வாங்கிக்கிறேன்."

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "எத்தனை புஸ்தகம்?"

"நூறு சார். எந்த நூறுன்னு தெரியாது."

"எழுபத்தஞ்சு பெட்டியில."

"ஆமா சார்."

அவர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்து, "பதிப்பகத்துல மூணு நாள் கேட்டிருக்கேன். அவங்க சந்தோஷமா குடுக்கலை" என்றார். ராட்டினத்தின் நாற்காலியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. மெஷின் அண்ணன் "ம்" என்றார். போய் மெஷினைப் போட்டார். அந்த "ம்"முக்கு என்ன அர்த்தம் என்று எந்த அகராதியிலும் பார்க்க முடியாது.

அன்று வீட்டில் அவள் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை வீட்டுக்காரர் குறுக்கே பேசவில்லை. "சொல்லிட்டேல்ல?" என்றார்.

"சொல்லிட்டேன்."

"அப்ப தட்டை எடு. உப்புக் கம்மியா இருந்தாலும் இன்னைக்கு ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

மறுநாள் எழுபத்தைந்து பெட்டியையும் பிரித்தார்கள். ஆளுக்கொரு புத்தகமாக எடுத்து எண்ணூற்று முப்பத்து மூன்றாம் பக்கம் இருக்கிறதா என்று பார்ப்பது. இருந்தால் இந்தப் பக்கம், மாம்பழம் இருந்தால் அந்தப் பக்கம். "எனக்கு மாம்பழம்!" "எனக்கும் ஒண்ணு!" என்று சந்தைக்கடை மாதிரி சத்தம் போட்டார்கள். திட்டுவார்கள் என்று பயந்து வந்தவளுக்கு அந்தச் சத்தம் பெரிய ஆறுதலாக இருந்தது. அவள் நாற்காலிப் பக்கமே போகவில்லை. நின்றுகொண்டே பார்த்தாள், நடந்துகொண்டே அடுக்கினாள்.

சாயங்காலம் எண்ணிப் பார்த்தால் தொண்ணூற்று ஒன்பது.

ஒன்று எங்கே? பார்த்ததையே திரும்பப் பார்த்தார்கள். மேஜைக்கு அடியில் பார்த்தார்கள். ராட்டினம் காலிப் பெட்டிகளைக் கவிழ்த்துப் பார்த்தாள். எங்கோ ஒரு பிள்ளை அந்த ஒற்றைப் புத்தகத்தைத் திறந்து, தேடி, தனக்குத்தான் தேடத் தெரியவில்லை என்று நினைத்துக்கொள்ளும். கடைசியில் மெஷின் அண்ணன்தான், "எழுந்திரும்மா கொஞ்சம்" என்றார், நாத்தனாரைப் பார்த்து. தரையில் சம்மணம் போட்டுப் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தவள், பிசின் ஒட்டாமலிருக்க அடியில் எதையோ போட்டு உட்கார்ந்திருந்தாள். அது நேற்று அவளே உருவிக் கொடுத்த பிரதி.

"நாள் பூரா அகராதி மேலேயே உட்கார்ந்திருந்தேனா? அதான் இன்னைக்குப் பேச்சுல இங்கிலீஷ் வந்துச்சு" என்றாள் அவள். முதலாளிகூடச் சிரித்துவிட்டார்.

நூறு புத்தகத்தின் அட்டையை உரித்து, தையலை வெட்டி, மாம்பழத்தை எடுத்துவிட்டு ஐம்பத்து மூன்றை வைத்து, திரும்பத் தைத்து, ஓரத்தை வெட்டினார்கள். அந்த நூறும் மற்றவற்றைவிட ஒரு நூல் அளவு குள்ளம். தெரிந்து பார்த்தால்தான் தெரியும். மூன்றாம் நாள் பத்து மணிக்கு வண்டி போயிற்று.

வண்டி போனபிறகு முதலாளி மேஜைக்கு வந்தார். "செக்கிங் இனிமே ஒரே ஆள் வேண்டாம். மூணு பேர் வாரத்துக்கு ஒருத்தரா மாத்தி மாத்திப் பாருங்க. சீட்டையும் படிக்கணும், கோட்டையும் பார்க்கணும்" என்றார். ராட்டினத்தைப் பார்த்து, "உங்க முறை மூணாவது வாரம்" என்றார். அவள் தலையாட்டினாள். மெத்தையை எடுக்கப் போனாள். பிறகு இருக்கட்டும் என்று நாற்காலியிலேயே விட்டுவிட்டு வந்தாள். யார் உட்கார்ந்தால் என்ன, முட்டி எல்லோருக்கும் இருக்கிறது.

அடுத்த வேலை ஒரு கணக்குப் புத்தகம், பதினெட்டு ஃபாரம். கிடங்கிலிருந்து வந்த முதல் கட்டை அவள் கையில் எடுத்தாள். முதுகில் கறுப்புக் கோடு இருந்தது. கோட்டுக்குப் பக்கத்தில் புதிதாகக் கடுகு அளவில் ஒரு நம்பரும் இருந்தது. யாரும் கேட்காமல் அண்ணன் சேர்த்து அச்சடித்திருக்கிறார். அவள் மெஷின் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவர் மை ஊற்றிக்கொண்டிருந்தார்.

அன்று மத்தியானம் டேக்கின் நாற்பத்திரண்டாவதைப் படித்துத் தாளை மடித்தாள். அப்போது யாரோ வந்து பக்கத்தில் நிற்பது தெரிந்தது. அண்ணன். கையில் இன்னொரு கழிவுத் தாள், அகராதியினுடையதுதான், எப்போதோ எடுத்து வைத்தது.

"டேக் முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது அண்ணே."

"இந்தாங்க. இது ரன். அதைவிடப் பெரிசு."

அவள் தாளை வாங்கி, எழுத்தைக் கூட்டிப் பார்த்தாள். மேலே முதல் அர்த்தம், ஓடு.

"முட்டிவலிக்காரிக்கு நல்லா தேடிப் பிடிச்சீங்க அண்ணே!"

அவர் சிரித்தார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் சத்தமாகச் சிரித்து அவள் கேட்டது அன்றைக்குத்தான்.